ஒரு முக்கியமான கருவி

எங்கள் குடும்பத்தில் கிளம்பியவர் பாதியில் திரும்பியதில்லை. என் தாத்தா ஆற்றில் பயணிகள் படகு ஓட்டினார். வெள்ளம் வந்த நாளில்கூட மறுகரையில் ஆட்களை இறக்கிவிட்டுத்தான் மூச்சுவிட்டார். அப்பா ரயில் எஞ்சின் ஓட்டினார். தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடந்த அன்று, மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு, ஆறு மணி நேரம் தாமதமாக, ஆனால் முன்பக்கமாகவே போய்ச் சேர்ந்தார். நான் முப்பத்தோரு வருடமாகப் பயணிகள் விமானத்தில் கேப்டன். ஓய்வு பெற எழுபத்தெட்டு நாட்கள் இருந்தன. அதுவரை நான் ஓட்டிய எந்த விமானமும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனால் உண்மை என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்றைய விமானத்தில், நாலாம் வரிசையில், என் சம்பந்தியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அதாவது, மறுநாள் மாலை நிச்சயம் முடிந்ததும் சம்பந்தி ஆகப்போகிறவர். மாப்பிள்ளையை என் கடைசி மகள் தானே பார்த்துக்கொண்டாள். பையனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பையனின் அப்பாவைப் பற்றியும் இல்லை, அவருடைய தொழிலைத் தவிர. குளியலறைச் சாமான்கள் விற்கிறார். குளியலறை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அவர் கடையில் வரிசையாக நிற்பவை எவை என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சின்னக் குழந்தைகூட "பின்னாடி போய்ட்டு வர்றேன்" என்றுதான் சொல்லும். வீடு மாறி, அந்த அறை வாசல் பக்கமாக வந்த பிறகும் "பின்னாடி" என்றுதான் சொன்னோம். ஆகவே, சம்பந்தி என்ன செய்கிறார் என்று உறவுக்காரர்கள் கேட்டபோது "பீங்கான் வணிகம்" என்று சொல்லிவைத்தேன். கேட்டவர்கள் பூச்சாடியையும் தேநீர்க் கோப்பையையும் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊரில் நிச்சயம். விமானத்தில் ஐந்து மணி நேரம், பெரும்பகுதி கடலுக்கு மேல். என் மனைவி, மகள், அக்கா மூவரும் மூன்று நாள் முன்பே போய்விட்டார்கள். சம்பந்தியிடம் நான்தான் சொன்னேன்.

"நான் ஓட்டுற ஃப்ளைட்லயே வாங்க. உங்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என் பொறுப்பு. நம்ம குடும்பத்துல திரும்பற பேச்சே கிடையாது."

"அது போதுங்க சம்பந்தி," என்றார் அவர். "நாங்க விக்கிற சாமானும் அப்படித்தான். போனது திரும்பி வந்தா எங்களுக்குத்தான் கெட்ட பேரு."

இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் நான் பயந்தேன்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நிச்சயத்துக்காகப் பத்துக் கைத்துண்டுகளில் மூலைக்கு ஒரு சக்கரம் பூவேலை செய்திருந்தாள். படகின் சக்கரமா, ரயில் சக்கரமா, விமானச் சக்கரமா என்று கேட்டால் "மூணும்தான்டா" என்பாள். எங்கள் வீட்டாருக்குச் சிவப்பு நூல், சம்பந்தி வீட்டாருக்குப் பச்சை நூல். ஊருக்குக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் கொடுத்தும்விட்டாள். "அவங்களும் நம்ம சக்கரத்துல ஏறிட்டாங்க, சரி. அதுக்காக நூலும் ஒண்ணா இருக்கணுமா என்ன?" என்றாள். அக்காவிடம் நான் எப்போதும் உடன்படுவது இந்த மாதிரி விஷயங்களில்தான்.

காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். ஒரு மணி இருபது நிமிடம் ஆனபோது, விதிப்படி ஒரு பணிப்பெண்ணை என் இடத்துக்குக் காவலாக உள்ளே அழைத்துவிட்டு, முன்பக்கம் வெளியே போய் வந்தேன். முகம் கழுவி, அக்கா கொடுத்த துண்டால் துடைத்து, டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி இருக்கையில் அமர்ந்தேன். வானம் தெளிவாக இருந்தது. என் துணை விமானி, அளந்து பேசும் இளம்பெண், காற்றின் வேகத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிடம் கழித்து உள்பேசி ஒலித்தது. விமானப் பணிப்பெண்களின் தலைவி. இருபத்திரண்டு வருட அனுபவம். இடி விழுந்தாலும் "இன்னொரு காபி வேணுமா?" என்று கேட்கக்கூடியவள்.

"கேப்டன், மூணும் போச்சு."

"எது மூணும்?"

"அதுதான் கேப்டன்."

"எதுன்னு சொன்னாத்தானேம்மா தெரியும்?"

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பாக்குறேன். டாய்லெட். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. பட்டனை அமுக்கினா எதுவும் உறிஞ்ச மாட்டேங்குது. தொட்டி நிறைஞ்சிடுச்சுன்னு என் பலகையில காட்டுது."

மூன்றும் வால்பக்கத்தில் இருக்கும் ஒரே தொட்டிக்குத்தான் போகின்றன. தொட்டி நிறைந்துவிட்டதாக அதன் உள்ளே இருக்கும் கருவி சொன்னால், மூன்றும் தாமாகவே நின்றுவிடும். ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் அது நிறைய வழியே இல்லை. துணை விமானி கையேட்டை எடுத்து வரிசையாக வாசித்தாள். அதற்கான மின்சாரத்தை ஒருமுறை துண்டித்துக் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ரேடியோவில் தரைப் பராமரிப்பைக் கேட்டோம். ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுங்கள் என்றார்கள்.

தலைவி உள்ளே வந்து நின்றாள்.

"இன்னும் மூணேகால் மணி நேரம்தானேம்மா," என்றேன். "மனுஷன் அடக்கிக்க மாட்டானா?"

"இப்பத்தான் கேப்டன் ரெண்டாவது சுத்து ஜூஸ் குடுத்து முடிச்சோம். அதுக்கு முன்னாடி காபி. பதினோரு சின்னக் குழந்தை இருக்கு. வயசானவங்க முப்பது பேருக்கு மேல. நீங்களே இப்ப ஒரு தடவை எழுந்து போய்ட்டுத்தானே வந்தீங்க?"

துணை விமானி எதையோ குறிப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

"திரும்பினா ஒரு மணி நாப்பது நிமிஷம் சார்," என்றாள் குனிந்தபடியே. "முன்னாடி போனா மூணு மணி பத்து. நடுவுல இறங்க இடம் இல்லை."

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். தாத்தா படகில் இருந்து பார்த்ததும், அப்பா எஞ்சினில் இருந்து பார்த்ததும் முன்னால் மட்டும்தான். எஞ்சின் எரிந்து திரும்பியிருந்தால் அது வேறு. இறக்கையில் மின்னல் விழுந்து திரும்பியிருந்தால் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதை நான் யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வேன்? அதிலும் நாலாம் வரிசையில், அந்தத் தொழிலையே செய்யும் மனிதர் உட்கார்ந்திருக்கும்போது!

ஆனாலும் நான் கேப்டன். விமானத்தைத் திருப்பினேன். அது மெதுவாகத்தான் திரும்பியது. என் கழுத்தில் மட்டும் அது வெடுக்கென்று திரும்பியதாகத் தெரிந்தது.

"அறிவிப்பை நான் பண்ணட்டுமா கேப்டன்?" என்று கேட்டாள் தலைவி.

"கேப்டன் உயிரோட இருக்கும்போது திரும்பறதைக் கேப்டன்தான் சொல்லணும்," என்றேன்.

ஒலிவாங்கியை எடுத்தேன். இடையில் ஒரு வினாடிகூடத் தயங்காமல், நல்ல தமிழில், கண்ணியமாகப் பேசினேன்.

"பயணிகளின் கவனத்திற்கு. உங்கள் கேப்டன் பேசுகிறேன். நமது விமானத்தின் ஒரு முக்கியமான கருவி செயலிழந்துவிட்டது. அது இல்லாமல் நாம் இலக்கைச் சென்றடைவது இயலாது. எனவே புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறோம். இந்தச் சோதனையான வேளையில் அனைவரும் மன உறுதியோடு, குறிப்பாக அடக்கத்தோடு, ஒத்துழைக்க வேண்டுகிறேன்."

எனக்குத் திருப்தியாகவே இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, சொல்லக்கூடாததைச் சொல்லவில்லை. துணை விமானி என்னைப் பார்த்த பார்வைதான் சரியில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்லை சார். கொஞ்சம்... பெருசாக் கேட்டுச்சு."

உள்பேசி அலறியது.

"கேப்டன்! என்ன சொல்லிட்டீங்க? இங்க ஒரே அழுகை. பதினாறாம் வரிசையில ஒருத்தர் மிதவைச் சட்டையை ஊதிட்டு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறார். ஒரு அம்மா, 'கேப்டனே அடக்கம்னுட்டாரே, கேப்டனே அடக்கம்னுட்டாரே'ன்னு நெஞ்சுல அடிச்சுக்கறாங்க!"

"நான் அடக்கமா இருங்கன்னுதானே சொன்னேன்?"

"அவங்களுக்கு அடக்கம் பண்ணப்போறோம்னு கேட்டிருக்கு. வாந்தி வந்தா பிடிக்கிற பையில ஒருத்தர் உயில் எழுதிட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு என் ஆளைக் கூப்பிடறார். அதை விடுங்க. பயந்தா மனுஷனுக்கு முதல்ல என்ன வரும், தெரியுமா கேப்டன்?"

நான் உள்பேசியைக் காதைவிட்டுச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

"மூணு கதவு முன்னாடியும் வரிசை நிக்குது!" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுபடி ஒலிவாங்கியை எடுத்தேன். விசையில் விரலை வைத்தேன். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அறுபத்துநாலு வருடம் உள்ளேயே இருந்த சொல். அப்படி உடனே வெளியே வந்துவிடுமா? நான் "பின்னாடி இருக்கும்..." என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கதவுக்கு அப்பால் ஏதோ சத்தம் கேட்டது. அழுகை என்றுதான் நினைத்தேன். சிரிப்பு. நூற்றி அறுபத்தெட்டுப் பேரின் சிரிப்பு, பூட்டிய கதவைத் தாண்டி வந்தது.

அங்கே நடந்ததைத் தலைவி பிறகு வந்து சொன்னாள். சம்பந்தி அவளைக் கூப்பிட்டு, "எந்தக் கருவிம்மா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். அவளும் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அவர் எழுந்து, நடைவழியில் நின்று, இருக்கைகளின் தலையைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் பேசுகிற குரலில் பேசியிருக்கிறார்.

"யாரும் பயப்படாதீங்க! றெக்கை நல்லா இருக்கு, எஞ்சின் நல்லா இருக்கு. கக்கூஸ்தான் அடைச்சிருக்கு. நான் முப்பது வருஷமா அதைத்தான் விக்கிறேன். அடைச்சதால ஒரு ஆளும் செத்ததில்லை. அவசரம்தான் பட்டிருக்காங்க. சார், நீங்க அந்தச் சட்டையைக் கழட்டுங்க, நீங்க போற இடத்துல தண்ணியே இல்லை!"

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தலைவியோடு சேர்ந்து ஏற்பாடும் செய்திருக்கிறார். முன்னால் இருந்ததில் குப்பைப் பையை விரித்து, சமையலறையில் மிஞ்சிய காபித்தூளை நாற்றத்துக்காக உள்ளே கொட்டி, குழந்தைகளும் வயதானவர்களும் மட்டும் என்று ஒரு வரிசை. மற்றவர்களிடம், "உங்களுக்கெல்லாம் கேப்டன் சொன்ன அடக்கம்தான்!" என்றாராம். அதற்கும் சிரிப்பாம்.

"தங்கமான மனுஷன் கேப்டன்," என்றாள் தலைவி. "உங்க சொந்தமாமே? எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கார். 'ஓட்டறது எங்க சம்பந்திதான், தைரியமா இருங்க'ன்னு."

"எல்லார்கிட்டயுமா?"

"நூத்தி அறுபத்தெட்டுப் பேர்கிட்டயும்."

பீங்கான் வணிகம் அந்த இடத்தில் முடிந்தது.

"காரணம் என்னவா இருக்கும்னு சொன்னாரா?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"துணிதான்னு அடிச்சுச் சொல்றார். பேப்பர்னா கரைஞ்சிடுமாம். துணி போய்த் தொட்டி வாயில உக்காந்துக்கிட்டா, அந்தக் கருவி நிறைஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்குமாம்."

"யாரோ ஒரு பொறுப்பில்லாத ஆள்," என்றேன். "வளர்ப்பு சரியில்லைன்னா இப்படித்தான்."

ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் தரை இறக்கினேன். சக்கரம் பட்டது தெரியாத இறக்கம். ஆனால் அதைக் கவனிக்கும் நிலையில் யாரும் இல்லை. கதவு திறந்ததும் எல்லோரும் கட்டடத்தை நோக்கி ஓடினார்கள். பயணிகள் மேலே இருக்கும் பெட்டியைத் தொடாமல் இறங்கியதை என் பணிக்காலத்தில் அன்றுதான் பார்த்தேன்.

சம்பந்தி மட்டும் ஓடவில்லை. "எங்க அடைச்சுதுன்னு பாத்துட்டுப் போறேனே," என்று பின்பக்கச் சமையலறையில் நின்றுகொண்டார். தொழில்காரரின் ஆசை. நானும் துணை விமானியும் அங்கே போனோம். தலைவி சாப்பாட்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கீழே பராமரிப்புப் பொறியாளர் வால்பக்கத்துப் பலகையைத் திறந்து ஏதோ இழுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படியேறி வந்தார். ஒரு கையில் விமானத்தின் பதிவேடு. மற்றொரு கையில், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பைக்குள், சுருட்டிய ஒரு துணி.

"துண்டு சார்," என்றார். "தொட்டி வாயில அப்படியே பாய் விரிச்ச மாதிரி கிடந்துச்சு."

பையைத் தூக்கிப் பிடித்தார். மூலையில் ஒரு சக்கரம்.

சக்கரத்தின் நூல் என்ன நிறம் என்று நான் உற்றுப் பார்த்தேன். நீலம். துண்டு முழுவதும் நீலம்.

"நூல் என்ன கலர்?" என்று கேட்டேன்.

"தொட்டியில ஊத்தற மருந்து நீலம் சார். அதுல ஒரு தடவை ஊறினா எல்லாமே நீலம்தான். சிவப்பு, பச்சை எதுவும் தெரியாது."

என் கை என்னைக் கேட்காமலே கால்சட்டைப் பைக்குப் போனது. வலது பை காலி. இடது பையில் வீட்டுச் சாவி மட்டும். முகம் துடைத்தது நினைவுக்கு வந்தது. டையைச் சரிசெய்ய இரண்டு கையும் வேண்டியிருந்ததால் துண்டைத் தோளில் போட்டதும், குனிந்து பட்டனை அமுக்கியதும், அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக உறுமியதும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

சம்பந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, என்னோடதுங்க!" என்றார். "சம்பந்தி வீட்டு அக்கா குடுத்தது. கை தவறி விழுந்திருக்கு பாருங்க. எத்தனை பேருக்குத் தொல்லை குடுத்துட்டேன்! மன்னிச்சுக்குங்க."

ஒரு மனிதன் எவ்வளவு சீக்கிரம் ஒன்றை நம்ப முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். என் துண்டு பெட்டியில் இருக்கும் என்று நம்பினேன். தோளில் போட்டது நேற்று என்று நம்பினேன். அதுமட்டுமா? பெருந்தன்மையோடு அவர் தோளைத் தட்டி, "பரவாயில்லை சம்பந்தி, யாருக்கும் நேரக்கூடியதுதான்," என்றேன். வளர்ப்பைப் பற்றி நான் சொன்னது நினைவுக்கு வந்தது. தலைவி அதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"பதிவேட்டுல எழுதணும் சார்," என்றார் பொறியாளர் அவரிடம். "பேரு, சீட்டு நம்பர் சொல்லுங்க."

"நாலு டி," என்றார் சம்பந்தி. குளிர்சாதனம் நின்றுபோயிருந்ததால் வியர்த்தது. சட்டைப் பையில் இருந்து துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பச்சைச் சக்கரம். பளிச்சென்று இருந்தது.

எடுத்த வேகத்தில் உள்ளே திணித்துக்கொண்டார். தலைவி கூரையைப் பார்த்தாள். துணை விமானி ஏற்கெனவே குனிந்திருந்தாள், இன்னும் குனிந்தாள். பொறியாளர் ஒருவர்தான் எதையும் பார்க்கவில்லை. அவர், "பேரு?" என்றார் மறுபடியும்.

நான் அப்போது சும்மா இருந்திருக்கலாம். சம்பந்தி கடைசிவரைக்கும் யாரிடமும் சொல்லமாட்டார். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. நாளைக்கு நிச்சயத்தில் அவர் என் எதிரே உட்கார்ந்து சொல்லாமல் இருப்பார். கல்யாணத்தில் சொல்லாமல் இருப்பார். பேரனுக்குப் பெயர் வைக்கும்போதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லாமல் இருப்பார். கக்கூஸ் விற்கிற ஒருவருடைய பெருந்தன்மையின் கீழே எங்கள் குடும்பம் காலம் முழுக்க நிற்க வேண்டும். படகு ஓட்டிய தாத்தாவும் ரயில் ஓட்டிய அப்பாவும் சேர்ந்து நிற்க வேண்டும். இதற்குத் திரும்பி வந்ததே மேல்.

"பதிவேட்டை இங்க குடுங்க," என்றேன்.

"நான் எழுதிக்கிறேன் சார்."

"குடுங்க."

பேனாவை எடுத்தேன். "காரணம்" என்ற கட்டத்தில், தெளிவான எழுத்தில் எழுதினேன்: விமானத்தின் கேப்டனுடைய கைத்துண்டு.

பொறியாளர் எட்டிப் பார்த்துத் திகைத்தார். "சார், இவ்வளவு வேண்டாம். 'அந்நியப் பொருள்'னு பொதுவாப் போடுவோம். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"அந்நியப் பொருள் இல்லை," என்றேன். "எங்க வீட்டுப் பொருள்."

"எதுக்குங்க சம்பந்தி இதெல்லாம்?" என்றார் அவர். "நான்தான் சொல்லிட்டேனே. ஓய்வு பெறுற நேரத்துல உங்க பேருல ஒரு..."

"எங்க சக்கரம் விழுந்த இடத்துக்கு உங்க பேரை எழுத விடமாட்டேன். அது எங்க குடும்பத்தோட... அடைப்பு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, பச்சைத் துண்டை வெளியே எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது ஒளிக்க வேண்டியதில்லை அல்லவா.

"தேவைப்பட்டா சொல்லுங்க," என்றார். "நல்ல சாமானாத் தர்றேன். துண்டு போனாலும் அடைக்காது."

பொறியாளர் கண்ணாடிப் பையை என்ன செய்வது என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். அக்கா கேட்பாள். அவள் பூவேலை செய்த ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் சொல்ல வேண்டும்.

தொட்டியைக் கழுவி, மூன்றையும் சோதித்து, எரிபொருள் நிரப்பி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எங்கள் பணி நேரம் முடிவதற்குள் போய்ச் சேரலாம் என்று துணை விமானி கணக்குப் பார்த்துச் சொன்னாள். பயணிகள் மறுபடி ஏறினார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள், ஆனால் உள்ளே ஒரு முணுமுணுப்பு. தலைவி வந்தாள்.

"கேட்டுட்டே இருக்காங்க கேப்டன். எல்லாம் சரியாயிடுச்சான்னு. நான் சொல்லட்டுமா, நீங்க..."

"நான் சொல்றேன்."

ஒலிவாங்கியை எடுத்தேன்.

"பயணிகளின் கவனத்திற்கு. உங்கள் கேப்டன் பேசுகிறேன். விமானத்தின் எல்லாக் கருவிகளும் சோதிக்கப்பட்டு, நல்ல நிலையில் உள்ளன." இங்கே நிறுத்தினேன். துணை விமானி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "கழிவறைகள் உட்பட."

கதவுக்கு அப்பால் கைதட்டல் எழுந்தது. முப்பத்தோரு வருடத்தில் என் அறிவிப்பு எதற்கும் யாரும் கைதட்டியதில்லை. பொறுத்திருந்து, அது அடங்கிய பிறகு, பயண நேரத்தையும் உயரத்தையும் வானிலையையும் வழக்கம்போலச் சொன்னேன். கடைசியில் ஒத்துழைப்பு வேண்டினேன்.

அடக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன்.